பதினோரு மணி வேட்டு

வேட்டுச் சத்தம் கேட்டாலும் பொன்னுமணி அத்தை சாப்பாட்டுத் தூக்கைத் தொடமாட்டார். இடுப்பில் கட்டிய கூடையைக்கூட அவிழ்க்காமல் எழுந்துபோய், ஏலச்செடிகளுக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் பாறைமேல் ஏறி நிற்பார். வலது கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக் கீழே பள்ளத்தாக்கைப் பார்ப்பார். மலையடிவாரத்தில், எங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் கல்குவாரியிலிருந்து வெள்ளையாகத் தூசி எழும்ப வேண்டும். முதலில் ஒரு கொண்டை போல நிற்கும். பிறகு காற்று அதைத் தேவாரம் பக்கமாக இழுத்துக் கலைக்கும். முழுக்கக் கலைகிறவரை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். "வேட்டுதேன். திங்கலாம்," என்பார். அப்புறம்தான் காய் எடுக்கிற பெண்கள் தூக்கைத் திறக்கலாம்.

மூடுபனி விழுந்து பள்ளத்தாக்கு தெரியாத நாளில் இன்னும் மோசம். பாறையை விட்டு இறங்கமாட்டார்.

"யக்கா, குவாரிக்காரன் மேல வந்து கையெழுத்துப் போட்டாத்தேன் சோறா?" என்று தமிழ்செல்வி கத்துவாள். அந்தக் கூட்டத்தில் பசி தாங்காதவள் அவள்தான்.

"உனக்கென்ன, நீ திம்ப. பேச்சு வாங்குறது நானு."

போன வருடம் ஐப்பசி வரை இந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதுவரை வேட்டுதான் எங்களுக்குச் சாப்பாட்டு மணி. தோட்டம் போடிமெட்டைத் தாண்டி மலைவிளிம்பில் இருக்கிறது. ஈரம் ஆகாது என்று பெண்கள் செல்போனைப் பையோடு ஸ்டோரில் வைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் போவார்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். காய் பிடிக்கிற சரங்களோ தரையில் கிடக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். அந்த நிழலுக்குள் பொழுது தெரியாது. மதியம் குவாரியில் வெடி வைத்தால் சத்தம் பள்ளத்தாக்கில் ஏறி வந்து உள்ளங்காலில் லேசாகத் தட்டும். உடனே எல்லோரும் எழுந்து கை கழுவப் போவார்கள். எஸ்டேட் மேனேஜர் பிரதீப்கூட அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஸ்டோர் கடிகாரத்தைத் திருத்துவார்.

நான் அந்த ஸ்டோரில் காய் எடை போடுகிறவன். காலனியில் அத்தை வீட்டுக்கு அடுத்த வீடு. உறவு ஒன்றும் இல்லை. தினமும் எங்களை மலையேற்றுகிற ஜீப்பில் நான் அயித்த என்பேன், அவர் மாப்ளே என்பார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், ஜீப்பே சிரிக்கும்.

அத்தைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாவாடை கட்டிய வயதில் மலையேறியவர், இன்றுவரை இறங்கவில்லை. எங்கள் காலனியிலிருந்து போகிற ஆட்களுக்கு அவர்தான் பொறுப்பு. யாருக்குக் காய்ச்சல், யார் பிஞ்சையும் சேர்த்து உருவுகிறாள், எவள் புருஷன் எவளை ஜீப் ஏற விடவில்லை, எல்லாம் அவர் தலையில். அவருடைய புருஷன் திருப்பூரில் பரோட்டா மாஸ்டர். தீபாவளிக்கு வருவார். வராவிட்டாலும் அத்தை கேட்கமாட்டார். மகளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது வீடு.

அரசாங்கம் கொடுத்த வீடு என்று யாராவது சொன்னால் போச்சு. "கவர்மெண்டு குடுத்தது காயிதம். கல்லும் மண்ணும் சொமந்தது ஆரு? உங்கப்பனா?" என்பார். உண்மைதான். காட்டு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்துச் சேர்த்துக் கட்டியது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கிழக்கே பார்த்த ஜன்னல். அந்த ஜன்னல் மூலையில்தான் விரிசல் தொடங்கியது.

குவாரி வந்த புதிதில் அது ஒரு தலைமுடி அளவுதான். பிறகு கிளை விட்டது. ஒரு கிளை மேலே கூரையைத் தேடிப் போனது, இன்னொன்று சாமி படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அத்தை சிமெண்டைக் குழைத்துப் பூசுவார். அடுத்த வாரம் பூசிய இடத்திலேயே மறுபடி பிளக்கும். சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி வீட்டைத் திறந்தால் கட்டில்மேல் மாவு சலித்தது போலப் பொடி கிடக்கும். அவர் வீட்டில் இருக்கும்போது வெடிப்பதே இல்லை. மலைமேல் குத்தவைத்திருக்கும்போது கீழே வெடிக்கும். எங்களுக்கு அந்தச் சத்தம் சோறு. அவருக்கு அது சுவர்.

"நமக்குச் சோத்துக்கு மணியடிக்கிறவனே என் வீட்டையும் இடிக்கிறான். இதுல அவனுக்கு நன்றி வேற சொல்லணுமோ?"

மனு எழுதச் சொல்லி என்னிடம் வருவார். நான் கையில் கவிதைப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். "மாப்ளே, அத மூடு. அதுல எங்க வீட்டு விரிசல் எழுதியிருக்கா? இல்லேல்ல? அப்ப வெரசா பேனாவ எடு." அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'இவனுக வெடிச்சு வெடிச்சுப் பூமியவே ஆட்டம் காட்டிப்புட்டானுக' என்பதை 'தொடர் வெடிப்பினால் நிலஅதிர்வு ஏற்படுகிறது' என்று எழுதி வாசித்துக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார். "நான் சொன்னதுல ஒரு கோவம் இருந்துச்சே, அத எங்க?"

குவாரிக்கு அனுமதி கொடுக்கிற ஆபீசுக்கு எத்தனை மனு போனாலும் ஒரே பதில்தான். குவாரிக்கு அனுமதி இருக்கிறது, வெடி வைக்க நேரம் குறித்திருக்கிறது, அந்த நேரத்தில் மட்டுமே வெடிக்கிறார்கள், அளவோடு வெடிக்கிறார்கள். அத்தைக்கு அந்த 'அளவோடு' என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஐப்பசி நாள் வந்தது. காலையிலிருந்தே மூடுபனி. அடுத்த செடி தெரியவில்லை. நான் எடை பார்த்த மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பூமிக்குள் யாரோ பீரோவை நகர்த்தியது போல ஒரு உறுமல். ஸ்டோரின் தகரம் சடசடத்தது. மரங்களில் தேங்கியிருந்த பனித்தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே கொட்டியது.

காட்டுக்குள் குத்தவைத்திருந்த பெண்களுக்கு அடிவயிறுவரை அதிர்ந்ததாம். தமிழ்செல்வி, "இன்னைக்கு என்னக்கா, மருந்தக் கூடப் போட்டுட்டானா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தை, "கூடப் போடட்டும், கொள்ளையில போறவன். ஏந்திரிங்க, திங்கலாம்," என்றிருக்கிறார். எல்லோரும் கை கழுவிவிட்டுத் தூக்கைத் திறந்துவிட்டார்கள்.

பிரதீப் அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்கு மலையின் அந்தப் பக்கம் வீடு. பேச்சில் பாதி மலையாளம் இருக்கும். நனைந்த இலைகளை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் மொத்த ஆட்களும் புளிச்சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள்.

"எந்தா சேச்சி இது? மணி பதினொண்ணுதானே ஆச்சு!"

"வேட்டுப் போட்டாச்சுல்ல சார்."

"எந்த வேட்டு? நான் கேக்கல்லயே."

"உங்க ஜீப்புக்குள்ள இருந்தா இடி விழுந்தாலும் கேக்காது சார். அது ஆடுற ஆட்டத்துக்கு."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிரதீப் சிரிக்கவில்லை. இனிமேல் மணி பார்க்காமல் ஆட்களை எழுப்பினால் வேறு ஆளைப் பொறுப்பில் வைத்துவிடுவேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். சோறு பாதியில் நின்றது. அன்று மாலை எடை போட வந்தபோது அத்தை கூடையைத் தராசில் போட்ட வேகத்தில் முள் நிலைகொள்ளாமல் ஆடியது.

வீட்டுக்குப் போனால் ஜன்னல் மூலை விரிசலில் விரல் நுழைந்தது.

அன்று அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது முகத்தில் கோபத்தைவிடத் தெளிவுதான் அதிகம் இருந்தது. "மாட்டிக்கிட்டானுக மாப்ளே. குறிச்ச நேரத்துலதேன் வெடிப்போம்னு எழுதிக் குடுத்திருக்கானுகல்ல? இன்னைக்குப் பதினோரு மணிக்கு வெடிச்சிருக்கானுக. சாட்சிக்கு எங்க ஆளுக மொத்தமும் இருக்கு. எழுது."

எழுதினேன். அந்த மனுவுக்கு உடனே பதில் வந்தது. நேரம் தவறி வெடித்தது உண்மையானால் குவாரியை நிறுத்தி வைப்போம் என்றும், நேரில் விசாரிக்க வருகிறோம் என்றும் இருந்தது. அத்தை பதிலை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பழைய மனுக்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பிளந்த சுவரையும் கட்டில் பொடியையும்கூட விட்டுவிட்டார். அந்த ஒரு வேட்டைத்தான் பிடித்துக்கொண்டார். சுவர் விழுவதற்குள் குவாரி நிற்க வேண்டும். அதற்கு அந்த வேட்டு போதும்.

விசாரணை அவர் வீட்டு வாசலிலேயே நடந்தது. அதிகாரி ஒருவர், அதிர்வை அளக்கும் கருவியோடு இன்னொருவர், குவாரி மேனேஜர், குவாரி வாட்ச்மேன் வேலுச்சாமி. வேலுச்சாமி எங்கள் காலனிக்காரர், எதிர்வரிசையில் வீடு. அத்தை அன்று வேலைக்குப் போகாமல், தமிழ்செல்வியையும் நிறுத்தி, எனக்கும் லீவு சொல்ல வைத்திருந்தார்.

குவாரி மேனேஜர் ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசவில்லை. போனை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அத்தை சொன்ன அந்த நாளில் குவாரியே விடுமுறை. வெடி வைக்கிற லைசென்ஸ்காரரின் தம்பிக்கு உத்தமபாளையத்தில் கல்யாணம். மொத்த ஆட்களும் மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற போட்டோ இருந்தது. காலையில் எடுத்தது என்று போனே சொன்னது.

அதிகாரி வேலுச்சாமியைப் பார்த்தார். "நீங்கதான் அன்னைக்குக் காவல்ல இருந்தீங்க. குவாரியில வெடிச்சாங்களா?"

"இல்லீங்க சார். வெடிக்கல."

"ஏ வேலுச்சாமி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

வேலுச்சாமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெடிக்கல யக்கா. மெய்யாத்தேன்."

"அப்ப என் காலுக்கடியில ஆடுனது என்ன? உன் மாமியாளா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி மோசமானவர் இல்லை, பொறுமையாகத்தான் பேசினார். குவாரி வேட்டில் வருவது அதிர்வு, அது கொஞ்ச தூரம் போய் அடங்கிவிடும், அதைப் பூகம்பம் போல 'நிலஅதிர்வு' என்று மனுவில் எழுதக் கூடாது என்றார். மனுஷன் செய்கிற வேலையாலும் பூமி குலுங்குவது உண்டுதான். பெரிய அணை கட்டி மலையளவு தண்ணீரைத் தேக்கினால், ரொம்ப ஆழத்தில் சுரங்கம் தோண்டினால், கழிவுநீரைப் பாறைக்குள் அழுத்தி இறக்கினால், உள்ளே ஏற்கெனவே இறுகிப்போய் நிற்கிற பாறைகள் நழுவலாம். ஆனால் இத்தனூண்டு குவாரிக்கு அந்தச் சக்தி கிடையாதும்மா.

அத்தை முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்ப மனுசன் பூமிய ஆட்டலாம். உலகம் பூரா ஆட்டுவான். எங்க ஊர்ல மட்டும் ஆட்டமாட்டான். அப்படித்தானங்க சார்?"

அன்று மதியம் கருவியை வைத்துக்கொண்டு ஒரு வேட்டுப் போட்டுக் காட்டினார்கள். எவ்வளவு மெதுவாக வெடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கருவியில் வந்த எண்ணை எழுதிக்கொண்டார்கள். அளவுக்கு உட்பட்டது. மனு முடித்து வைக்கப்பட்டது.

மறுநாள் ஜீப்பில் அத்தைக்குப் பெயர் விழுந்திருந்தது. "பதினோரு மணி வந்திருச்சு, தள்ளி உக்காருங்கப்பா." இனிமேல் பொன்னுமணி என்ன மனு கொடுத்தாலும் குவாரி ஆபீசில் அந்தக் கல்யாணப் போட்டோவைக் காட்டினால் போதும். அவருக்கு வலித்தது அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்களோ தாங்களும் அன்று சோற்றைத் திறந்தவர்கள் என்பதை மறந்துவிட்டார்கள். "நீ சொன்னதால ஏந்திரிச்சோம் யக்கா," என்றாள் தமிழ்செல்வி. அத்தை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

விஷயத்தைக் கொண்டுவந்தது பிரதீப். பேச்சுவாக்கில் என்னிடம் விசாரணையைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எடா, அது பூகம்பமாணு! எங்க பக்கம் பத்திரிகையில வந்ததே. என் வீட்டுல பாத்திரம் எல்லாம் உருண்டுச்சு. சேச்சி வேட்டுன்னு சொன்னதால நான் அது வேற, இது வேறன்னு இருந்தேன்."

மறுநாள் அந்தப் பழைய மலையாளப் பேப்பரைத் தேடி எடுத்து வந்து காட்டுக்குள்ளேயே தமிழில் வாசித்துக் காட்டினார். அதே நாள், அதே நேரம். சின்ன நிலநடுக்கம்தான். மலையின் அந்தப் பக்கம், பெரிய அணையின் தண்ணீர் நிற்கிற பள்ளத்தாக்குகளுக்கு அருகில். ஐப்பசி மழையில் அணை நிரம்பியிருந்த சமயம். ஒரு ஆராய்ச்சியாளர் சொல்லியிருந்தார்: அணைத் தண்ணீரின் பாரமும், அது பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்குவதும் இதைத் தூண்டியிருக்கலாம், தானாக வந்ததாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை.

ஏலச்செடிக்கு நடுவே நின்றபடி அத்தை கேட்டார். அவர் முகம் ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்ப நான் பொய் சொல்லல." தமிழ்செல்வி பக்கம் திரும்பினார். "கேட்டியாடி? ஆடுச்சு. நெசமா ஆடுச்சு." அடுத்த நொடியே முகம் மாறிவிட்டது. "சரி, அங்க தண்ணி தேக்கி வச்சிருக்கவனுக்கு இங்க எஞ்செவரு என்ன பாவம் பண்ணுச்சு?"

பிரதீப் தலையைச் சொறிந்துகொண்டு, "சேச்சி, அன்னைக்கு நான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க சார். நீங்களாவது பேப்பரக் கொண்டாந்தீக."

பேப்பரையும், பிரதீப் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு நானும் அத்தையும் அதே அதிகாரியின் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி படித்தார். ரொம்ப சந்தோஷம், குவாரி வெடிக்கவில்லை என்பது இப்போது இன்னும் உறுதியாகிறது என்றார். ஆடியதால்தான் வீடு போனது என்றால் அது இயற்கைச் சீற்றம், புயல் வெள்ளம் பார்க்கிற ஆபீசுக்குப் போங்கள். அங்கே போனோம். அங்கிருந்தவர் எங்கள் பழைய மனுக்களை எல்லாம் வரவழைத்து வைத்திருந்தார். "இந்த விரிசல் அதுக்கு முன்னாடியே இருந்திருக்கே? குவாரியாலதான் வந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?" என்றார். எழுத்து என்னுடையது. தெளிவான எழுத்து.

அத்தை படியிறங்கும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "குவாரி ஆட்டுனா அது பூகம்பம் இல்ல. பூகம்பம் ஆட்டுனா அது குவாரி. நல்லா இருக்குய்யா உங்க சோலி. வா மாப்ளே, பஸ்சு போயிரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். அத்தை ஜன்னல் சுவரைத் தானே இடித்துக்கொண்டிருந்தார். சாமி படமும் கட்டிலும் வாசலில் இருந்தன. நான் போய் ஜன்னல் சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தமிழ்செல்வி மண்வெட்டியோடு வந்தாள். மதியத்துக்குள் சுவர் இருந்த இடத்தில் வானம் இருந்தது. தோட்டத்தில் கிழிந்து ஒதுக்கிப் போட்ட நீலப் படுதாவைப் பிரதீப் கொடுத்தனுப்பியிருந்தார். அதை இழுத்துக் கட்டினோம்.

"இனி எவன் ஆட்டுனாலும் துணிதேன் ஆடும்," என்றார் அத்தை.

குவாரி இன்றும் நடக்கிறது. மதிய வேட்டு அதே நேரத்துக்கு வருகிறது. படுதா ஒருமுறை உப்பி அடங்குமாம். லீவில் இருந்த ஒருநாள் பார்த்தேன் என்றார் அத்தை. மலைமேல் அவர் பாறையில் ஏறித் தூசியைத் தேடுகிறார். தூசி எழும்பினால் குவாரி. எழும்பாவிட்டால் வேறு. இரண்டில் எது என்று தெரியாமல் இன்னொரு முறை வாயைத் திறக்கமாட்டார்.

வேலுச்சாமியின் மனைவி மாயக்காள் இந்தத் தையிலிருந்துதான் எங்களோடு காய் எடுக்க வருகிறார். போன வாரம் ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, முன்சீட்டில் அத்தை டிரைவரோடு ஏதோ சண்டையில் இருந்தார். பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாயக்காள், தன் புருஷனின் பயந்த சுபாவத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கல்யாண நாளில் வேலுச்சாமி குவாரி ஷெட்டில் தனியாக இருந்திருக்கிறார். தகரமெல்லாம் ஆட, குடத்துத் தண்ணீர் கொட்ட, வெளியே ஓடிவந்து மண்டபத்தில் இருந்த மேனேஜருக்குப் போன் போட்டிருக்கிறார்: "சார், ஆள் உள்ள இருக்கையில சொல்லாமக் கொள்ளாம வெடிச்சிட்டீகளே!" மேனேஜர், நாங்கள் எல்லோரும் பந்தியில் இருக்கிறோம், போய்ப் படு, இதை யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறார்.

"அப்புறம் விசாரணையில இவர் பொய் சொல்லலையே," என்றார் மாயக்காள். "வெடிச்சாங்களான்னுதேன் கேட்டாக. ஆடுச்சான்னு ஒருத்தரும் கேக்கலையாம்."